அயல்நாட்டு அன்னமும் துறவியின் விதியும்

துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய நூல்களின்படி பௌத்தத் துறவி தனக்கென்று சமைப்பதில்லை; பாத்திரத்தில் விழுவதை உண்கிறார். சொந்த ஊரில் இதில் சிக்கல் குறைவு, இடுபவரும் ஏற்பவரும் ஒரே வழக்கில் வளர்ந்தவர்கள். மலையும் கடலும் கடந்து போகும் துறவிக்கோ ஒவ்வோர் ஊரிலும் ஒரு கேள்வி காத்திருக்கிறது. அந்த ஊர்ச் சோற்றை அப்படியே ஏற்பது அறமா, தன் நோன்பைக் காத்து மறுப்பது அறமா?

பழைய விதி புலாலை முற்றாக விலக்கவில்லை. தனக்காகக் கொன்றதைக் கண்ணால் காணாமல், பிறர் சொல்லக் கேளாமல், அப்படி இருக்குமோ என்ற ஐயமும் எழாமல் இருந்தால் அந்தப் புலாலை ஏற்கலாம். மீனையும் இறைச்சியையும் துறவிகள் அனைவரும் விலக்க வேண்டும் என்று தேவதத்தன் என்னும் துறவி கேட்டபோது, புத்தர் அதை விதியாக்க மறுத்ததாகப் பாலி வினயம் சொல்கிறது. கையேந்தி நிற்பவர் இடுபவரின் அடுக்களையை ஆளக் கூடாது என்ற எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது. பௌத்தத்தின் மகாயானப் பிரிவு வேறு வழியில் சென்றது. லங்காவதார சூத்திரம் புலாலை வன்மையாகக் கண்டிக்கிறது. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து லியாங் மன்னர் வூ, துறவிகளுக்குப் புலாலையும் மதுவையும் தடை செய்தார். இதனால், பௌத்தம் பிறந்த மண்ணைத் தேடிப் புறப்பட்ட சீனத் துறவிகள், அந்த மண் ஏற்றுக்கொண்ட உணவை விலக்கியவர்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

சுமார் 630இல், நடு ஆசியாவின் கூச்சா அரண்மனையில் சீனத் துறவி யுவான் சுவாங்குக்கு விருந்து நடந்தது. மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கும் உட்பட்ட புலாலும் அதில் இருந்தது. அவர் அதை ஏற்கவில்லை. மன்னருக்கு வியப்பு. படிப்படியான போதனை என்னும் பழைய வழி இதை அனுமதிக்கிறது, தாம் கற்ற மகாயானத்தில் இதற்கு இடமில்லை என்று விளக்கிவிட்டு, மற்ற உணவுகளை உண்டார். அவர் மறுத்தது ஒரு பண்டத்தை, விருந்தை அன்று. உயிர்க்கொலை பற்றிய உறுதி உண்பவரோடு ஊர் ஊராக நடக்க வேண்டியது. அதை விருந்தோம்பலுக்காக இறக்கி வைக்க அவர் இசையாதது சரியே.

ஆனால் உணவில் எல்லாமே இத்தகைய உறுதிகள் அல்ல. இதை மிக நுட்பமாகப் பிரித்துப் பார்த்தவர் இன்னொரு சீனத் துறவியான இ-சிங். 671இல் குவாங்சௌவில் பாரசீகக் கப்பலேறி, சுமத்திராவின் ஸ்ரீவிஜயத்தில் தங்கி, கடாரம் வழியாக 673இல் வங்கக் கரையின் தாம்ரலிப்தியை அடைந்தார். நாளந்தாவில் சுமார் பத்தாண்டு பயின்றார். திரும்பும் வழியில் ஸ்ரீவிஜயத்திலிருந்து 692இல் அவர் நாட்டுக்கு அனுப்பிய நூல் நாற்பது இயல்கள் கொண்டது. அவற்றில் பல உண்ணும் முறையைப் பற்றியவை. துறவிகள் கால் தரையில் படச் சிறு இருக்கையில் அமர்வது, முதலில் இஞ்சித் துண்டும் உப்பும் இலையில் வைப்பது, சோற்றின்மேல் பருப்பும் சுடு நெய்யும் ஊற்றிக் கையால் பிசைவது என்று ஒவ்வொன்றையும் எழுதினார். தமிழ்ப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகத் தோன்றா. வெங்காயமும் பச்சைக் காய்கறியும் உண்ணாததால் இந்தியர்களுக்கு வயிற்று நோய் இல்லை என்றும் புகழ்ந்தார்.

அவரை மிகவும் பாதித்தது எச்சில் பற்றிய இந்திய உணர்வு. உண்ணத் தொடங்கியவர் வாயும் கையும் கழுவும் வரை பிறரைத் தொடுவதில்லை. உண்டு மீந்ததை நல்ல உணவோடு கலப்பதில்லை. சீன மடங்களில் இந்தக் கவனம் இல்லையே என்று வருந்தி, அவற்றைத் திருத்துமாறு வாதாடினார். அயல்நாட்டுப் பந்தி சொந்த வழக்கின் குறையை அவருக்குக் காட்டியது. அதை ஒளிக்காமல் தாய்நாட்டுக்கு எழுதிய நேர்மை பெரிது.

எனினும் இந்தியாவில் கண்ட எல்லாவற்றையும் அவர் விதியாக்கவில்லை. இந்தியர் கையால் உண்கிறார்கள், சீனர் குச்சிகளால் உண்கிறார்கள். குச்சியை வினயம் அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அப்படி நூல் பேசாத இடத்தில் ஊர் வழக்கைப் பின்பற்றலாம், அதில் குற்றமில்லை என்பது அவர் முடிவு. விதி தெளிவாகப் பேசும் இடத்தில் தம் நாட்டாரிடம் கண்டிப்பாக நின்றவர், அது மௌனமாக இருக்கும் இடத்தைத் தம் விருப்பத்தால் நிரப்பவில்லை.

விதியும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இடமும் உண்டு. நண்பகலுக்குப் பின் துறவி உண்ணலாகாது. இது எங்கும் மாறாதது. நண்பகலோ அந்தந்த ஊரின் சூரியனைப் பொறுத்தது. ஓரிடத்து நிழலளவை இன்னோரிடத்துக்குப் பொருந்தாது என்பதால், நிழற்கடிகாரம் பற்றியும் இ-சிங் ஓர் இயல் எழுதினார். ஸ்ரீவிஜயத்தில் ஆண்டின் சில நாட்களில் நண்பகலில் நிற்பவருக்கு நிழலே விழுவதில்லை என்று அதில் குறித்திருக்கிறார்.