மீன் கடைத் தொட்டியில் ஒரு நோயாளி ஆமை: வாங்குவதா, விட்டுவிட்டு வருவதா?



சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தபோது, மொபைல் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து அமர்ந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. சிரிக்காம கேக்கணும்" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள வண்ண மீன் கடையில் சின்னச் சின்ன ஆமைகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டது. இரை போட்டால் தின்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. கடைக்காரர், "அது தேறாது தம்பி, வேணும்னா நூறு ரூபாய்க்கு எடுத்துக்க" என்கிறார். இதுதான் விஷயம்.

"வாங்கினா அந்த வியாபாரத்துக்கு நானும் காசு கொடுத்த மாதிரி ஆகுது. நாளைக்கே இன்னொரு ஆமையைக் கொண்டுவந்து வைப்பார். வாங்காம வந்து அது செத்துட்டா, அல்லாஹ் என்னைக் கேப்பானா ஹஜ்ரத்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே பதில் சொல்லவும் முடியவில்லை. கிதாபுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். நாளை இதே கேள்வி ஒரு கிளியின் வடிவிலோ முயலின் வடிவிலோ உங்கள் பிள்ளையின் வாயிலிருந்து வரலாம்.

இது கேட்க வேண்டிய கேள்விதானா?

ஊர்வன என்றாலே நம்மில் பலருக்கு ஓர் அருவருப்பு. "பல்லியைக் கொல்லச் சொன்ன மார்க்கத்தில் ஆமைக்கு மருத்துவமா?" என்று ஒருவர் கேட்டார். பல்லியைப் பற்றிய கட்டளை அந்தப் பிராணிக்கு மட்டும் உரியது. அதை எல்லா ஊர்வனவற்றுக்கும் நீட்டிக்க நமக்கு அதிகாரம் இல்லை. கொல்ல அனுமதி உள்ள இடத்திலும் வதைக்க அனுமதி இல்லை என்பதையும் அதே நபி (ஸல்) அவர்கள்தான் கற்றுத் தந்தார்கள்.

பூமியில் ஊரும் ஒவ்வொரு பிராணியும், சிறகால் பறக்கும் ஒவ்வொரு பறவையும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் அத்தியாயத்தின் 38 ஆம் வசனம் சொல்கிறது. தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். பிராணிகள் விஷயத்திலும் நமக்குக் கூலி உண்டா என்று தோழர்கள் கேட்டபோது, ஈரமான ஈரல் உள்ள ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்பதே பதிலாக வந்தது. ஆமைக்கும் ஈரல் உண்டு. ஆகவே கேள்வி சரியான கேள்விதான்.

முதல் பொறுப்பு யாருடையது?

அந்தத் தம்பி தன் தலையில் ஏற்றிக்கொண்ட சுமையில் பெரும்பகுதி அவருடையது அல்ல. அந்த ஆமையின் உரிமையாளர் கடைக்காரர். தன் கைவசம் உள்ள பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கொடுக்க மறுத்தால், பிராணி உண்ண ஹலால் இல்லாததாக இருக்கும்போது, ஒன்று தீனி கொடு, இல்லையென்றால் விற்றுவிடு என்று காழி அவரை நிர்ப்பந்திக்க வேண்டும்.

ஹிஜ்ரி 660 இல் வஃபாத்தான இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதர்கள் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியல் போட்டார்கள். முதுமையாலோ நோயாலோ இனி எந்தப் பயனும் தராது என்ற நிலையிலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. 'இது தேறாது' என்ற வார்த்தை அந்தக் கடமையை நீக்கிவிடாது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பட்டினியாலோ நெரிசலாலோ மோசமாக நடத்தப்பட்டதாலோ வேதனைப்படும் பிராணியை விற்பனைக்கு வைப்பதையே குற்றம் என்கிறது.

எனவே தம்பியிடம் முதலில் சொன்னது, காசை எடுக்காதீர்கள், வாயைத் திறங்கள் என்பதுதான். அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் கண்ணீர் விட்டபோது நபி (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? உரிமையாளர் யார் என்று விசாரித்து, அவரை அழைத்து, அல்லாஹ்வை அஞ்சும்படி சொன்னார்கள். ஒட்டகத்தைப் பட்டினி போடுவதையும் அளவுக்கு மீறி வேலை வாங்குவதையும் சுட்டிக்காட்டினார்கள். அதை விலைக்கு வாங்கினார்கள் என்று அங்கே இல்லை.

காசு கொடுத்தால் பாவத்துக்கு உதவியா?

வாங்குவது ஹராமான ஒன்றைக் கொடுப்பதும் ஹராம் என்று ஃபிக்ஹில் ஒரு விதி உண்டு. இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் இந்த விதியை எழுதிவிட்டு, விதிவிலக்குகளையும் எழுதுகிறார்கள். கைதியை மீட்கக் கொடுக்கும் ஈட்டுத்தொகை அதில் ஒன்று. பிடித்து வைத்தவன் அதை வாங்குவது பாவம்; மீட்பதற்காகக் கொடுப்பவர் மீது பாவம் இல்லை.

இதை ஒப்பிட்டுப் பார்த்தால், துன்பத்திலிருந்து மீட்கும் நோக்கத்தில் கொடுத்த நூறு ரூபாய்க்காக அந்தத் தம்பி குற்றவாளி ஆக மாட்டார். ஆனால் பாவம் இல்லை என்பது வேறு, அறிவுடைய செயல் என்பது வேறு. வியாபாரிக்கு நோக்கம் தெரியாது, விற்ற கணக்கு மட்டும்தான் தெரியும். நோயாளி ஆமையும் விலை போகும் என்று அவர் கற்றுக்கொண்டால், அடுத்த ஆமைக்கு மருந்து வாங்க மாட்டார். பரிதாபப்படும் இன்னொரு முகத்துக்காகக் காத்திருப்பார். ஒன்றை மீட்டு இரண்டை வரவழைத்துவிடக் கூடாது. இலவசமாகக் கேளுங்கள். நான் மருத்துவரிடம் காட்டுகிறேன், நீங்கள் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள். எப்படியும் சாகும் என்று நினைக்கும் பொருளுக்கு அவர் பிடிவாதமாக விலை கேட்பது கடினம்.

இரண்டு வாசல்கள்

இனிதான் பிரதானமான விஷயம். பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்டதால் நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸ் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அதில் அவள் மீது சொல்லப்பட்ட குற்றம் இரண்டு. அவளும் உணவு கொடுக்கவில்லை. பூமியில் உள்ளதைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்து விடவும் இல்லை. அப்படியானால் ஒரு பிராணியைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன: பராமரிப்பது, அல்லது விட்டுவிடுவது.

இந்த ஆமைக்கு இரண்டாவது வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள இந்த ஆமையை ரெட் இயர்ட் ஸ்லைடர் என்கிறார்கள். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதியும் மெக்சிகோவின் வடக்கு ஓரமும். நம் குளத்தில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. குஞ்சுகளைப் பிடித்து வந்த தோழர்களிடம், தாய்ப் பறவையிடமே திருப்பிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். திருப்பிக் கொடுப்பது என்றால் அது பிறந்த இடத்துக்கு. நமக்கு வசதியான இடத்துக்கு அல்ல.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பத்து வருடங்களுக்கு முன் நான் இமாமத் செய்த பள்ளியின் ஹவ்ளில், தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்ட இதே இன ஆமையை ஒரு குடும்பத்தார் கொண்டுவந்து விட்டார்கள். மீன்கள் குறைந்தன, தண்ணீர் நாறியது. நானும் மோதினாரும் அதை ஒரு வாளியில் எடுத்துப் போய் ஊர்க் கண்மாயில் விட்டோம். ஓர் உயிரை விடுதலை செய்த திருப்தியோடு திரும்பி வந்தேன். ஆரம்பத்தில் அதை வாங்கியவர், ஹவ்ளில் விட்டவர், கண்மாயில் விட்ட நான் என்று எல்லோரும் இரக்கத்தோடுதான் செய்தோம். யாரும் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. ஆளுக்கு ஆள் கைமாற்றினோம். அந்தக் கண்மாய்க்கு நான் செய்தது என்ன என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே முதல் வாசல் ஒன்றே மிச்சம். அதன் அளவைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரிதாக விற்கப்படும் இந்தக் குட்டி, இருபது முப்பது ஆண்டுகள் வாழக்கூடியது. ஓர் அடி நீளம் வரை வளரலாம். ஏறிக் காய்வதற்கு மேடும் வெயிலும் வேண்டும். இல்லையென்றால் ஓடு மெதுமெதுவென்று ஆகிவிடும். வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கும். அந்தக் கடை ஆமைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆமையின் உடலில் உள்ள சால்மோனெல்லா கிருமி சிறு பிள்ளைகளுக்குத் தொற்றியதால், அமெரிக்காவிலேயே 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை விற்கத் தடை இருக்கிறது. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் உங்கள் இரக்கம் அவர்களுக்குத் தீங்காகக் கூடாது. நன்மையைத் தேடுவதை விடத் தீமையைத் தடுப்பது முந்தியது என்பது நாம் ஓதிய சட்ட விதி.

இன்னொன்று. கடையில் இருப்பது நட்சத்திர ஆமை என்றால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதை விற்பதும் வாங்குவதும் வளர்ப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்வதுதான் அதை மீட்கும் வழி.

முடியாவிட்டால்?

முடியாது என்று நேர்மையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். அல்லாஹ் எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை. ஆனால் முடியாது என்ற வார்த்தையைச் சுலபமாகச் சொல்லிவிட்டு நகரவும் வேண்டாம். கடைக்காரரிடம் பேச நாக்கு இருக்கிறது. அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வளர்க்கத் தெரிந்த ஒருவரை விசாரித்துச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருநாள் காசில் ஆமை கேட்கும் நம் பிள்ளைக்கு 'வேண்டாம்' என்று சொல்லி, ஏன் என்றும் சொல்லலாம். கடைத் தொட்டி காலியாவது அந்த இடத்தில்தான்.

இத்தனையும் கேட்டுவிட்டுத் தம்பி தன் தாயாரிடம் கலந்து பேசினார். பிறகு கடைக்காரரிடம் போனார். அரைமணி நேரப் பேச்சுக்குப் பின் அவர் காசில்லாமல் கொடுத்துவிட்டார். மருத்துவர் ஊசி போட்டார், கண்ணுக்கு மருந்து எழுதினார். மொட்டை மாடியில் காலை வெயில், சுத்தமான தண்ணீர் எல்லாம் நடந்தது. ஒன்பதாம் நாள் ஆமை இறந்துவிட்டது.

வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் வீண்தானே ஹஜ்ரத்?" என்றார்.

நான் கேட்டேன்: "தம்பி, அந்த மனிதர் தண்ணீர் கொடுத்தாரே, அந்த நாய் அதற்குப் பிறகு எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று எங்காவது படித்திருக்கிறீர்களா?"

யோசித்துவிட்டு, இல்லை என்றார்.

"அது நமக்குச் சொல்லப்படவில்லை. அவர் கிணற்றில் இறங்கியது சொல்லப்பட்டிருக்கிறது."

போன வாரம் அந்தக் கடை வழியாக நடந்தேன். ஆமைத் தொட்டி இன்னும் இருக்கிறது. உள்ளே மூன்று குட்டிகள். ஏறிக் காய ஒரு செங்கல் வைத்து, மேலே ஒரு விளக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். போதாதுதான். ஆனால் முன்பு அது இல்லை.

நம் கைக்குக் கீழே உள்ள ஒவ்வோர் உயிரும் அமானிதம். அதை ஏற்கும் முன் யோசிக்கும் அறிவையும், ஏற்ற பின் கைவிடாத உறுதியையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.