நல்ல வாப்பா என்று யாரைச் சொல்வது?

ஜனாஸாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கையில், மௌத்தானவரைப் பற்றி நாம் யாவரும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "பெண்சாதி பிள்ளைகளை நல்லா வைத்திருந்தார்." நல்லா வைத்திருந்தார் என்றால் என்ன? ஊரில் மாடி வீடு கட்டினார், பெண்மக்களுக்கு நகை போட்டார், மாதம் தவறாமல் பணம் அனுப்பினார் என்று கணக்குச் சொல்வோம். கடல் கடந்து வந்து கடை வைத்த நமக்கு இது பழகிய கணக்கு. ஆனால் இதுதான் முழுக் கணக்கா என்பதே என் கேள்வி.

நெடுங்காலம் வாழ்ந்த ஒரு தகப்பனாரை எண்ணிப் பார்ப்போம். இராமேசுவரத்து ஜனாப் ஜெயினுலாபுதீன் மரைக்காயர், 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாப்பா. 102 வயது வரை அந்தத் தீவிலேயே வாழ்ந்து, 1976-இல் வபாத்தானார். 15 பேரப் பிள்ளைகளைக் கண்டவர். அவரிடம் பெரிய படிப்பும் இல்லை, பெரிய செல்வமும் இல்லை. பள்ளிவாசலில் இமாமாக இருந்தார். யாத்ரீகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டினார். அந்தப் படகைப் புயல் கொண்டுபோயிற்று. விடியற்காலை எழுந்து தொழுதுவிட்டு, நாலு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து போய், ஒரு டஜன் தேங்காயைத் தோளில் சுமந்து வந்த பிறகே பசியாறுவார். அறுபது வயது கடந்தும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. அவர் மனைவி ஆஷியம்மா தினமும் ஆக்கிப் போட்ட சோற்றில் வீட்டாரைவிட வெளியாரே அதிகம் சாப்பிட்டார்கள். கொண்டுவந்து கொடுப்பவரும் முகம் கோணாமல் பரிமாறுபவரும் ஒரே மனதாயிருந்தாலன்றி அப்படியொரு வீடு நடக்குமா?

டாக்டர் கலாம் மேடைகளில் பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. வாப்பா ஊராட்சித் தலைவரான சமயம், அவர் தொழப் போயிருந்த நேரத்தில் யாரோ ஒருவர் வந்து ஒரு தட்டுப் பரிசை வைத்துப் போனார். படித்துக்கொண்டிருந்த சிறுவன் அதை வாங்கி வைத்துவிட்டான். திரும்பி வந்த வாப்பா முதல் தடவையாக மகனை அடித்தார். பிறகு தோளில் கை வைத்து, பதவியிலிருப்பவனுக்கு வரும் பரிசு காரணமில்லாமல் வராது என்று விளக்கினார். அந்த மகன் 2006-இல் குடியரசுத் தலைவர் மாளிகைக்குத் தம் உறவினர் 50 பேருக்கு மேல் வந்து தங்கியபோது, 3 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே கட்டினார். அடியும் அறிவுரையும் அந்த மாலையில் கிடைத்தது, வாப்பா அந்த வீட்டில் இருந்ததனால் அன்றோ? எந்தப் பண உண்டியல் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்?

"வயிற்றுப்பாட்டுக்காக வந்தவனைக் குறை சொல்கிறீரா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த நம் பெரியவர்கள், பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பிள்ளை முகம் கண்டார்கள். அவர்களுக்குப் பாசம் குறைவு என்று எவன் சொல்வான்? குடும்பத்துக்காகத் தாங்கிய பிரிவும் பாசத்தின் ஒரு வடிவமே. ஆயினும், அவர்கள் பெற்ற நல்ல பெயரில் பாதி, ஊரில் தனியாயிருந்து பிள்ளை வளர்த்த உம்மாமார்களுடையது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இன்றைய நிலை வேறு. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி. கைப்பேசியில் முகம் பார்க்கலாம். நம்மில் பலருக்குக் குடும்பமே இங்கே ஜோகூரில் இருக்கிறது. ஆனால் பிள்ளை எழுமுன் கடை திறந்து, அது உறங்கிய பின் கல்லாவைப் பூட்டி வருகிறவர், கடல் கடக்காமலே பரதேசம் போனவர்தாம். அந்தக் காலத்துப் பிரிவுக்குக் கப்பலைக் காரணம் சொன்னோம். இதற்கு எதைச் சொல்வது?

வாப்பா வபாத்தானதும் டாக்டர் கலாம் ஊர் சென்று உம்மாவின் அருகில் அமர்ந்தார், பேச்சு வரவில்லை. வேலை அழைத்ததால் திரும்பிவிட்டார். சிறிது காலத்தில் உம்மாவும் மறைந்தார். இன்னும் சில நாள் கூட இருந்திருக்கலாகாதா என்று அவர் பின்னர் வருந்தி எழுதினார். ராக்கெட் செய்தவருக்கே அந்த நாட்களைத் திரும்ப வாங்க முடியவில்லை. நம் சரக்கு எம்மாத்திரம்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் வீட்டு வேலையில் கை கொடுத்தார்கள், தம் செருப்பைத் தாமே தைத்தார்கள் என்று மதரஸாவில் ஓதினோம். செலவுக்குக் கொடுப்பது கடமை. அதில் குறை வைத்தவன் மற்றதைப் பேச அருகதையற்றவன். ஆனால் கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று பேரேட்டை மூடுவதற்கில்லை. பணத்தை நமக்குப் பதிலாக இன்னொருவர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கூட இருப்பதை நாமேதான் செய்ய வேண்டும்.

ஆகவே, நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஒரு வாப்பாவை எப்படி நினைவுகூர்வது? சோறு ஆக்கிப் போடுவது ஒரு நாளில் முடிந்துவிடும். அவர் வைத்த கடனை அடைப்போம். அவருடைய கூட்டாளிகளைத் தேடிப் போய் ஸலாம் சொல்வோம். வாரத்தில் ஒரு மாலையேனும் மஃரிபுக்கு முன் கடையை அடைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சோறு உண்போம். அன்றைக்கு விற்காத சரக்கு மறுநாள் விற்கும்.

நம்மை விட்டு மறைந்த வாப்பாமார்களின் மண்ணறையை வல்ல அல்லாஹ் ஒளியாக்கி வைப்பானாக! ஆமீன்.