அப்பத்தின் குணம்

மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கோதுமையிலுள்ள குளூட்டன் குடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோய் அவளுக்கு. ரத்தப் பரிசோதனையில் அதைக் காட்டும் டிடிஜி அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. வீட்டில் சப்பாத்தியை விட்டு ஒன்றரை வருடம். மைதா கலந்த பெருங்காயத்தைக்கூட நிறுத்தியிருந்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு மகளிடமே தெலுங்கில் கேட்டார்: "வெளியில எங்கேயாவது, கொஞ்சமாவது, ஏதாவது வாயில போடுறியாம்மா?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை நற்கருணை மட்டும்."

எனக்கு உடம்பு கூசிவிட்டது. அது கோதுமை அப்பம் என்பது தெரியாதவளா நான்? ஆனால் அதை உணவுக் கணக்கில் சேர்க்க மனம் ஒப்பவில்லை. என் பெரியம்மாவும் சொல்லியிருந்தார்: "விசுவாசத்தோட வாங்கினா ஒண்ணும் ஆகாது."

மதராஸ் பட்டாளத்தோடு செகந்திராபாத் கண்டோன்மென்ட்டுக்கு வந்து தங்கிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. சோறு ஒரு வேளை, சப்பாத்தி ஒரு வேளை என்பது எப்போதோ வழக்கமாகிவிட்டது. ஆறு வயதில் மகள் பதினான்கு கிலோ. வயிறு உப்பலாக இருக்கும், கைகால் குச்சியாக இருக்கும். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்குமாக மூன்று வருடம் ஓடியது. சீலியாக் வடக்கத்திக்காரர்களுக்கு வருவது என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது உண்மை. ஆனால் நோய்க்குரிய மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. பெரிய வித்தியாசம், சாப்பிடும் கோதுமையின் அளவில். சப்பாத்தி தின்னும் தெற்கத்திப் பிள்ளையை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

இந்த டாக்டரம்மா கிறிஸ்தவர் அல்ல. சிரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. "காரணம் இது ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா நிறுத்திப் பார்க்கணும். அவளுக்கு அது பெரிய விஷயம். உங்க ஃபாதர்கிட்ட வேற வழி இருக்கான்னு கேளுங்க. கடிதம் வேணும்னா எழுதித் தர்றேன்" என்றார். போகும்போது ஒன்று சொன்னார். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே கோதுமை மீது ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்தாராம். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி நலிந்தார்கள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் அப்பம் கேட்டுத்தானே செபிக்கிறோம்? ஆண்டவருடைய உடல் என் பிள்ளையின் குடலைப் புண்ணாக்குமா? விடை சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்த பாடத்திலேயே இருந்தது. பூசையில் எழுந்தேற்றத்தின்போது மாறுவது உட்பொருள். அப்பத்தின் குணங்கள் அப்படியே இருக்கும். தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே விளக்கியது இது. நிறம், சுவை, எடை நிற்கும் என்றால் குளூட்டனும் நிற்கும். அது தீங்கு செய்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. தெரிந்தும் கொடுத்துவிட்டு ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பதுதான் தவறு. கோயில் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று அலகை இயேசுவிடம் சொன்னதும் இதைத்தானே?

ஃபாதருக்கு விதி தெரிந்திருந்தது. 2003இல் ரோமையிலிருந்து வந்த கடிதப்படி, குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும். அதையும் வாங்க முடியாதவர்கள் திராட்சை இரசம் மட்டும் பெறலாம். எதில் வாங்கினாலும் முழுக் கிறிஸ்துவே. குருவானவர் தம் கிண்ணத்தில் அப்பத்துண்டு ஒன்றைப் போடுவதால் மகளுக்கென்று தனியாகச் சின்னக் கிண்ணம் வைத்தார். முதல் ஞாயிறு வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, ஒரு மிடறு குடித்து, உதட்டைத் துடைக்காமலே முழந்தாளிட்டாள்.

ஆறு மாதத்தில் டிடிஜி இயல்பு நிலைக்கு வந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு டாக்டர் தேடுகிறவர்களே, பிள்ளையிடம் நேராகப் பேசுகிறவரைத் தேடுங்கள். பூசையில், பந்தியில், கோயிலில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்த வேண்டாம். முன்பே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் ரிப்போர்ட்டில் தெரியாமல் போகலாம்.