தொழிற்சங்கம் இனியும் வேண்டுமோ?

தொழிலாளர்க்குச் சங்கம் எதற்கு என்னும் கேள்வி ஒரு காலத்தில் முதலாளிமார் மட்டுமே கேட்டு வந்த கேள்வி. இன்று அது தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே எழுகின்றது. குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் இருக்கிறது. சேமநல நிதி இருக்கிறது. மருத்துவக் காப்பீடு இருக்கிறது. முறையிடத் தொழிலாளர் நீதிமன்றமும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு சந்தா கட்டி, கொடி பிடித்து, வாயிற்கூட்டத்தில் நின்று முழக்கமிட்டு ஆவது என்ன என்று படித்த இளைஞர்கள் வினவுகின்றனர்.

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் கேள்வியன்று. பண்டு கடல் கொண்டிருந்த நிலம் என்று அறிஞர் கூறும் அரியலூர் மண்ணின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல், அவ்வூரைச் சிமென்ட் நகரமாக்கிற்று. அரசின் சிமென்ட் ஆலை 1979இல் அங்கே இயங்கத் தொடங்கியது. பின்னர் தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகள் பெருகின. பெரம்பலூர்ப் பக்கத்தில் நாரணமங்கலத்தில் டயர் ஆலை வந்தது. எறையூரில் 2022இல் அடிக்கல் நாட்டப்பட்ட காலணித் தொழிற்பூங்கா 2023இல் செயல்படத் தொடங்கியது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைவித்த குடும்பங்களிலிருந்து முதன்முதலாக ஆலைப் படி ஏறுவோர் பலர். அவர்களுள் பெண்மக்களும் உளர். அவர்கள் எந்த நிலையில் உள்ளே செல்கிறார்கள் என்பதே நம் கவலை.

அரபி மத்ரஸாக்களில் ஃபிக்ஹு ஓதியோர் ‘இஜாரா’ என்னும் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். கூலி இவ்வளவு என்பதும் வேலை இன்னது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். தெரியாவிடில் அந்த ஒப்பந்தம் பழுதுடையது. ஹனஃபீ சட்ட அறிஞர்கள் கூலியாளை இரு வகையாகப் பிரித்தனர். தையற்காரர், சாயக்காரர் போலப் பலருக்கும் பொதுவாகப் பணி செய்வோர் ஒரு வகை. குறித்த காலம் முழுவதும் ஒருவருக்கே தம்மை ஒப்படைத்து நிற்போர் மற்றொரு வகை. இவர் ‘அஜீர் காஸ்’ எனப்படுவார். இரண்டாமவர் உழைக்க ஆயத்தமாக வந்து நின்றுவிட்டாலே கூலிக்கு உரியவராகிறார். முதலாளியிடம் அன்று வேலை இல்லாமற் போயினும் சரியே. மாத ஒப்பந்தத்தில் இருப்பவரை, “இன்று சரக்கு வரவில்லை, போய் வா” என்று கூலியின்றித் திருப்பி அனுப்பும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட உரிமை இது. எழுதிவைத்ததனால் மட்டும் அது கூலியாளின் கைக்கு வந்துவிட்டதா?

உரிமை வேறு, அதனைக் கேட்டுப் பெறுவது வேறு. கூலி தராத முதலாளியைப் பற்றிக் காழியிடம் முறையிடுக என்று சட்ட நூல் கூறும். ஆனால் முறையிடுபவன் தனி ஆளாயின் மறுநாள் அவனுக்கு வேலையிராது. அவன் வழக்கில் வெல்லலாம். அடுப்பில் உலை ஏறாது. இந்த அச்சத்தைப் போக்கும் ஆற்றல் எந்தச் சட்டப் பிரிவுக்கும் இல்லை. 2023 அக்டோபர் 9ஆம் நாள் அரியலூர் மாவட்டம் விரகாலூரில் வெடி தயாரிப்புக் கூடம் ஒன்று வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிபொருளுக்கு நம் நாட்டில் 1884 முதலே சட்டம் இருக்கிறது. அதுபோன்ற சிறு கூடங்களில் ஆபத்தைக் கண்டால், “இப்படிச் செய்யமாட்டோம்” என்று வேலையை நிறுத்தி வைத்துச் சொல்லும் துணிவு எந்த ஒற்றைக் கூலியாளுக்கு வரும்?

நல்ல முதலாளி வாய்த்தால் சங்கம் வேண்டாமே என்பாரும் உளர். இறையச்சமுள்ள முதலாளிகள் இருந்திருக்கிறார்கள், இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆயினும் இதே அரியலூருக்கு அருகில், 1956 நவம்பரில், மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, புதுதில்லியில் இருந்த ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதனை இன்றளவும் வியந்து பேசுகிறோம். அத்தகையோர் அரியர் என்பதனாலன்றோ அந்த வியப்பு! ஆயிரமாயிரம் பேருடைய சோற்றை அத்தகைய அரியதொரு மனச்சாட்சியை நம்பி விட்டுவிடலாகுமா?

மக்கத்து வரலாற்றில் நாம் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் செய்தி ஒன்றுண்டு. யமன் நாட்டு ஸபீது என்னும் ஊரிலிருந்து வந்த வணிகர் ஒருவர், ஆஸ் இப்னு வாயில் என்னும் குறைஷித் தலைவரிடம் சரக்கை விற்றார். சரக்கை வாங்கிக்கொண்ட தலைவர் விலையைத் தரவில்லை. வணிகர் குலத்தார் சிலரிடம் சென்று முறையிட்டார். ஆஸின் செல்வாக்கை அறிந்த அவர்கள் கைவிரித்தனர். பின்னர் அவர் அபூகுபைஸ் குன்றின் மீதேறி, கஅபாவின் அருகே குறைஷியர் கூடியிருந்த வேளையில் தமக்கு நேர்ந்த அநீதியை உரக்கக் கூவினார். அதைக் கேட்டு வெட்கமுற்ற சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடி, உள்ளூராராயினும் வெளியூராராயினும் அநீதிக்கு ஆளானவரின் பக்கம் ஒரே கையாக நிற்போம் என்று உறுதி செய்துகொண்டனர். ‘ஹில்புல் ஃபுளூல்’ என்று பெயர் பெற்ற உடன்படிக்கை இதுவே. நேரே ஆஸிடம் சென்று வணிகரின் பொருளைப் பெற்றுக் கொடுத்தனர். இளைஞராக அதில் கலந்துகொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தூதுத்துவம் பெற்ற பின்னரும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்னும் கருத்தை உரைத்தார்கள்.

மக்கத்தில் நல்லவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். தனித்தனி நல்லவர்களாக இருந்தவரை வணிகருக்கு விலை கிடைக்கவில்லை. அவர்கள் சேர்ந்த பின்னரே கிடைத்தது.

நம் சென்னையிலும் இதுவே நிகழ்ந்தது. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது நாட்டில் தொழிற்சங்கத்துக்கென்று சட்டம் ஏதுமில்லை. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் துன்பம் கண்டு செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் வாடியாவை நாடினர், திரு.வி.க.வும் துணை நின்றார். ஆலை நிர்வாகம், ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினார் என்று வாடியாவின் மீதே வழக்குத் தொடர்ந்தது. சேர்ந்து நிற்பதே குற்றமாகக் கருதப்பட்ட அந்த நிலையை மாற்றத்தான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. சட்டம் இருக்கிறதே, சங்கம் எதற்கு என்போர் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுப் பேசுகின்றனர். சங்கமே முந்தியது.

பழங்கதை என்று ஒதுக்குவோருக்காக அண்மை நிகழ்ச்சிகள் இரண்டைச் சொல்வோம். 2023 ஏப்ரல் 21இல், ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒருசேர எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாளன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வும் கேட்டார்கள். எனினும் முதன்மையாகக் கேட்டது, தங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே. அச்சங்கம் உயர்நீதிமன்றம் வரை சென்று, 2025 ஜனவரியில்தான் பதிவு பெற்றது. எளிதில் கிடைப்பதாயின், வேண்டாததென்று சொல்லலாம்!

சங்கமில்லாத வாழ்வு எத்தகையது என்பதை நம்மவர்க்கு வேறொருவர் விளக்க வேண்டியதில்லை. வெள்ளாற்றங்கரை லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பாத தெரு ஏது? சவூதி அரேபியாவிலும் அமீரகத்திலும் தொழிற்சங்கத்துக்கு அனுமதியில்லை. பஹ்ரைன் 2002இல் சட்டமியற்றி அனுமதித்தது. சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோனால் மகன் செய்யக்கூடியது, தூதரகத்துக்கு மனு எழுதுவதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி அழுவதுமே. அதே வீட்டின் தகப்பனாரோ தாய்மாமனோ சென்னையிலும் திருச்சியிலும் துணிக்கடையோ பாத்திரக்கடையோ வைத்திருப்பார். கடைப்பையன்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களுள் ஒருவன் சம்பளத்தைப் பற்றி வாய் திறந்தால், “நம்மைப் பெற்ற பிள்ளைகள்போல் நடத்துகிறோமே, இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?” என்பார். பெற்ற பிள்ளை வளைகுடாவில் எப்படி நடத்தப்படுகிறான் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

இன்னுமொன்று கூறவேண்டும், சிலருக்கு இது கசக்கும். நோன்புப் பெருநாளுக்குக் கடைச் சிப்பந்திகளுக்குத் துணியும் பணமும் கொடுத்து, அதனை ஜக்காத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஏழைச் சிப்பந்திக்கு ஜக்காத் கொடுக்கலாம், தடையில்லை. ஆனால் அவனுக்குச் சேரவேண்டிய கூலிக்கோ போனசுக்கோ ஈடாக அதனைக் கொடுத்தல் கூடாது. அவ்வாறு கொடுத்தால் ஜக்காத்தும் நிறைவேறாது, கூலிக் கடனும் தீராது. ஜக்காத் ஏழையின் ஹக்கு. கூலி உழைத்தவனின் ஹக்கு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைப்பது இரண்டையும் தின்பதாகும். கேட்க நாதியில்லாத இடத்தில் கூலி மெல்ல மெல்ல ஸதகாவாக உருமாறிவிடுகிறது. கொடுப்பவர் வள்ளலாகிறார், வாங்குபவன் தன் சொந்தப் பணத்தைக் கைகூப்பி வாங்குகிறான். சங்கம் இன்றும் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான். கூலி உயர்வுங்கூட அதற்குப் பிந்தியதே. கடையில் நாள் முழுதும் நிற்பவர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்பதற்கே கேரளத்தில் கடைப் பெண்கள் சங்கம் சேர்த்துப் போராட வேண்டியிருந்தது. அங்கே 2018இலும் தமிழகத்தில் 2021இலும் சட்டம் வந்தது. நம் கடைகளில் எத்தனையில் அந்த இருக்கை கிடக்கிறது?

கடைகளைச் சொல்லிப் பள்ளிவாசலை விடலாகாது. இமாமத்துக்கும் குர்ஆன் கற்பிப்பதற்கும் கூலி பெறலாம் என்று பிற்கால ஹனஃபீ அறிஞர்கள் தீர்ப்பளித்துப் பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் பல ஜமாஅத்துகளில் இமாமின் சம்பளமும் முஅத்தினின் சம்பளமும் நிர்வாகிகளின் பெருந்தன்மையைப் பொறுத்தே நிற்கின்றன. உலமாக்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழக அரசு 2009இல் நல வாரியம் அமைத்தது. அந்த வாரியம் உதவித்தொகை தரும். சம்பளத்தைப் பேசித் தராது.

இனிச் சங்கங்களின் குறைக்கு வருவோம். ஓர் ஆலையில் கட்சிக்கொரு சங்கம், தேர்தலுக்குத் தேர்தல் நிறம் மாறும் கொடிகள், நிர்வாகத்தோடு உறவாடித் தம் வீடு கட்டிக்கொண்ட தலைவர்கள், இவையெல்லாம் உண்மை. இவற்றினும் பெரிய குறை ஒன்று தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. 1921இல் சென்னை ஆலை வேலைநிறுத்தத்தின்போது சாதி இந்துக்களும் நம் முஸ்லிம்களும் ஒரு பக்கமும், ஆதிதிராவிடத் தொழிலாளர் மறுபக்கமுமாகப் பிரிந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, வேலைநிறுத்தமும் தோற்றது. நம்மவர் அந்தக் கலகத்தில் நின்ற பக்கத்தை நம் ஏடுகள் அதிகம் பேசியதில்லை.

அந்தப் பிளவு இன்று வேறு உருவில் நிற்கிறது. சிமென்ட் ஆலையின் ஒரே தூசியைச் சுவாசிப்போருள் நிரந்தரத் தொழிலாளி ஒருவர். ஒப்பந்தத் தொழிலாளி மற்றொருவர். சங்கம் பெரும்பாலும் முன்னவருக்கே. 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, பழைய 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது அது. பல சங்கங்கள் உள்ள ஆலையில், வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளருள் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய தனிச் சங்கம் என்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரோ ஒப்பந்தக்காரரின் ஏட்டில் இருக்கிறது. எனவே சங்கம் அவனை எண்ணாவிட்டால் வேறெவரும் எண்ணப்போவதில்லை.

மூட்டை ஏற்றும் இடங்களிலும் கட்டுமான இடங்களிலும் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். அவர்களை ஏன் சேர்ப்பதில்லை என்றால், நம் மொழி தெரியாதவர்கள், ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுகிறவர்கள் என்று சங்கத்தார் விடை கூறுவதுண்டு. ஸபீதிலிருந்து வந்த வணிகரும் மக்கத்தில் தங்க வந்தவரல்லர். சரக்கை விற்றுவிட்டு ஊர் திரும்ப இருந்தவர்தாம். அவருக்காகவே அந்த இல்லத்தில் அன்று கூடினார்கள்.