கண்டுபிடித்தவனும் விருந்தாளியும்

ஆட்டையாம்பட்டியில் எங்கள் அம்மாயி முறுக்கு சுற்றுவார். அச்சு கிடையாது. அரிசி மாவை விரல் இடுக்கில் திரித்துத் திரித்து, வட்டத்துக்குள் வட்டமாக விட்டுக்கொண்டே போவார். சில வருடங்களுக்கு முன் கேமராவோடு வந்த ஒரு பையன், "பாட்டி, மறைஞ்சு கிடந்த பொக்கிஷத்தக் கண்டுபிடிச்சிட்டோம்" என்றான். அம்மாயி கையை நிறுத்தாமலே கேட்டார்: "யாருகிட்ட இருந்து கண்ணு மறைஞ்சு கிடந்துச்சு? சேலத்துக்காரங்க, திருச்செங்கோட்டுக்காரங்க எல்லாம் வாங்கிட்டுத்தான போறாங்க?"

அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வருடமே அந்தப் பையன் செய்ததை நான் செய்தேன்.

2019இல் இரண்டு நண்பர்களோடு மணிப்பூர் போயிருந்தேன். இம்பாலிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் மலைப்பாதையில் போனால் மோரே என்ற எல்லை ஊர். அந்தப் பக்கம் மியான்மரின் தமு. பகல் அனுமதி வாங்கிக்கொண்டு நடந்து போனோம். சந்தையோரம் ஒரு பெண்மணி நூடுல்ஸில் புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், வறுத்த கடலைமாவு, பச்சை முட்டைக்கோஸ் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார். பக்கத்துக் கடையில் மொஹிங்கா: மீன் சாறில் மூழ்கிய அரிசி நூடுல்ஸ். படம் எடுத்து, 'யாரும் போகாத பாதையில் நான் கண்டுபிடித்த பர்மிய உணவு' என்று எழுதிப் போட்டேன். நல்ல வரவேற்பு.

திரும்பும் வழியில் மோரேயில் டீ குடிக்க நின்றோம். கடையில் இருந்த பெரியவர் எங்கள் பேச்சைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். தமிழில். அங்கே ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது என்று சொன்னார். அவர் இன்னும் பேசத் தயாராக இருந்தார். எங்களுக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

சென்னை வந்ததும் அலுவலகத்தில் படங்களைக் காட்டினேன். வியாசர்பாடியில் வளர்ந்த ஒரு தோழர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது அத்தோ ப்ரோ. இதுக்கு எதுக்கு மணிப்பூர்? பீச் ஸ்டேஷன்ல இறங்கி செகண்ட் லைன் பீச் ரோட்டுக்கு நடந்து போ" என்றார்.

போனேன். தள்ளுவண்டி, ஆரஞ்சு நிற நூடுல்ஸ், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ, குடிக்க வாழைத்தண்டு சூப். நம்ம ஊர் தட்டுவடை செட் மாதிரியே எல்லாம் கைவேலை. எனக்கோ 'அசலை'ப் பார்த்துவிட்டு வந்த திமிர். "சூப்புல மீன் இல்லையாண்ணா? ஒரிஜினல்ல இருக்குமே" என்றேன். "மீன் போட்டா பாதி பேர் வர மாட்டாங்க தம்பி. நாலு பேர் சாப்பிடணும்ல" என்றார். அத்தோ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "பிசைஞ்சதுன்னு அர்த்தம். பேஜோன்னா பொரிச்ச பருப்பு." அவ்வளவுதான். எனக்கு மர்மமாகத் தெரிந்த இரண்டு சொற்களும் அடுப்படிச் சொற்கள்.

அவருடைய அம்மா 1965இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அந்தப் பத்தாண்டில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அப்படி வந்தவர்களுக்காக 1969இல் உருவானதுதான் பர்மா பஜார். வந்த இடத்தில் ஒட்ட முடியாத சிலர் தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடப் பார்த்தார்கள். எல்லை தாண்ட முடியாமல் மோரேயிலேயே தங்கிப்போனார்கள். நான் டீ குடித்த ஊரின் தமிழ்க் குடியிருப்பு அப்படி உருவானது. அங்கே நின்றபோது இதைக் கேட்கத் தோன்றவில்லை.

சரி, ஒரு தட்டு நூடுல்ஸ் சாப்பிட இவ்வளவு வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா? நியாயமான கேள்விதான். அந்த அண்ணனே, நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "மொதல்ல சாப்பிடுங்க, ஊறிப்போயிடும்" என்றார். பரிதாபமும் கண்டுபிடிப்பைப் போலத்தான் என்று அப்போது பட்டது. இரண்டிலும் நடுவில் நிற்பது நான்தான். ஒன்றில் சாகசக்காரன், இன்னொன்றில் இரக்கமுள்ளவன்.

போதாததற்கு இந்த வரலாறு சுத்தமானதும் இல்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில், கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால் பங்கு. அந்தக் கோபத்துக்கான விலையை முப்பது வருடம் கழித்துக் கொடுத்தவர்களில் மூட்டை தூக்கியவர்களும் பெட்டிக்கடை வைத்திருந்தவர்களும் உண்டு. சாப்பாடு மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது. நம் தோசை அங்கே 'தோஷே' ஆகிவிட்டது. சமோசாவை நறுக்கிப் பிசைந்து 'சமூசா தொக்' செய்கிறார்கள். இதில் எது யாருடைய அசல்?

கண்டுபிடிப்பவனுக்கு, தான் வந்த பிறகுதான் ஒரு பொருள் இருக்க ஆரம்பிக்கிறது. விருந்தாளி அப்படி நினைக்க முடியாது. அந்த வீடு தனக்கு முன்னாலும் இருந்தது, தான் போன பிறகும் அடுப்பு எரியும் என்று அவனுக்குத் தெரியும். வீட்டுக் கணக்கு வழக்கைத் தீர்த்துவைப்பது அவன் வேலை இல்லை. ஆனால் யார் வீட்டில் சாப்பிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஒன்று என்றால் விசாரிக்க வேண்டும்.

அந்தக் குறைந்தபட்சத்தைக்கூட நான் செய்யவில்லை என்பது 2023 மே மாதம் உறைத்தது. மணிப்பூர் கலவரத்தில் மோரேயும் எரிந்தது. தமிழர் வீடுகளும் எரிந்ததாகச் செய்தி வந்தது. பழைய படங்களைத் தேடி எடுத்தேன். மொத்தம் அறுபத்து மூன்று. தட்டு, கிண்ணம், மலைப்பாதை, நான். பிசைந்து கொடுத்த பெண்மணியின் கை மட்டும் ஒரு படத்தில் இருந்தது. டீக்கடைப் பெரியவர் ஒன்றிலும் இல்லை. விசாரிக்கலாம் என்றால், அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவர் என் ஊரைக் கேட்டார். நான் அவர் பெயரைக் கேட்கவில்லை.

அந்தப் பழைய பதிவை அழித்துவிட்டேன். அதனால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை என்று தெரியும்.

அத்தோ கடைக்கு இப்போதும் போகிறேன். அண்ணன் பெயர் தெரியும், எந்த நாளில் கடை இல்லை என்று தெரியும். ஒரு முறை அவர் என் ஊரைக் கேட்டார். ஆட்டையாம்பட்டி என்றதும், "முறுக்கா?" என்றார். அடுத்த முறை ஊருக்குப் போய்வந்தபோது அம்மாயி சுற்றியதில் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்றுவிட்டுச் சொன்னார்:

"நல்லாருக்கு தம்பி. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

அம்மாயியிடம் இன்னும் சொல்லவில்லை.