யார் கண்ணுக்கு இந்தப் புருவம்?

இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் புருவம் தாழ்ந்திருப்பதாகவும், அதனால் முகம் எந்நேரமும் களைத்தோ கோபித்தோ தெரிவதாகவும் நினைக்கிறாள். அறுவைச் சிகிச்சை செய்து அதை உயர்த்திக்கொள்ள விரும்புகிறாள். வீட்டில் முதலில் எழும் எதிர்ப்பு பெரும்பாலும் மருத்துவம் சார்ந்ததாக இருக்காது. "சாமி குடுத்த முகத்துல போய் கத்தி வைக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். தேனியிலிருந்து கிளம்பி ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் இரண்டு மணி நேரத்தில் மதுரை. அழகு அறுவை மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஆசைக்கும் கத்திக்கும் நடுவே முன்பிருந்த தூரம் இன்று இல்லை. அதனால் இந்தக் கேள்வியைச் சாமி பெயரைச் சொல்லி வாயடைத்துவிட முடியாது. கடவுள் தந்த உடலை மனிதன் திருத்தலாமா? திருத்தலாம் என்றுதான் கம்பம் பள்ளத்தாக்கின் சமய வாழ்வு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. இருந்தும் இளம் வயதில் இந்த ஒரு திருத்தத்தைத் தள்ளிப்போடுவதற்கான காரணமும் அதே சமய வாழ்வுக்குள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தக் காரணத்தை உடலின் புனிதத்தில் தேடக் கூடாது, பார்வையில் தேட வேண்டும்.

உடலைத் தொடாதே என்ற வாதம் நம் ஊரில் ஒரு நாள்கூட நடைமுறையில் இருந்ததில்லை. பிறந்த குழந்தைக்குக் குலசாமி கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிறோம். கிழவிகளின் கைகளில் பச்சை குத்திய கோலங்களை இன்றும் பார்க்கலாம். நேர்ந்துகொண்டவர்கள் அலகு குத்துகிறார்கள். உத்தமபாளையம் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி வழிபட்ட சமணத்தில், துறவிகள் தலைமுடியைக் கையாலேயே பறித்துக்கொள்வது நோன்பு. சைவ சித்தாந்தம் தனு, கரணம், புவனம், போகம் நான்கையும் உயிர் தன்னை உணர்வதற்காகச் சிவன் தந்த கருவிகள் என்கிறது. கருவி என்றால் பழுது பார்க்கலாம். உடலை இழிவென்று நினைத்திருந்த திருமூலரே பின்னர் உள்ளிருப்பவனைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வாழும் முஸ்லிம்களின் மரபு புருவத்தைப் பெயர் சொல்லியே பேசுகிறது. அழகுக்காகப் புருவ முடியைப் பிடுங்குவதைக் கண்டிக்கும் நபிமொழி அங்கே உண்டு. அதே மரபில், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற தோழர் வெள்ளியால் செய்து பொருத்திய மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் செய்துகொள்ளச் சொன்னதும் நபிகள்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1958 அக்டோபரில், தாம் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், இத்தாலிய ஒட்டறுவை மருத்துவர்களிடம் பேசினார். அழகுக்கான அறுவையை அவர் முழுதாக மறுக்கவில்லை. எந்த நோக்கத்தோடு செய்யப்படுகிறது என்பதைப் பார்க்கச் சொன்னார். இத்தனை மரபுகளும் உடலில் கைவைக்க ஏதோ ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கின்றன. கை எதற்காக வைக்கப்படுகிறது என்பதில்தான் அவற்றின் கவனம்.

இங்கே நம் பாட்டிகளின் காதுகள் சாட்சியாக நிற்கின்றன. தேனி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் பல சமூகங்களில் பெண் குழந்தைக்குக் காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு குணுக்குப் போட்டு மடலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வளர்த்தார்கள். தோளைத் தொடும் காதில் தண்டட்டியோ பாம்படமோ ஆடினால்தான் அழகு. வளர்க்காத காது குறை. ஆங்கிலேய அதிகாரி எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்திய மக்களைப் பற்றி எழுதியபோது இந்த வழக்கத்தையும் பதிவு செய்தார். அடுத்த ஓரிரு தலைமுறைக்குள் கண்கள் மாறிவிட்டன. பள்ளிக்கூடமும் பட்டணமும் சினிமாவும் வந்தபின் தொங்கு காது பட்டிக்காட்டின் அடையாளமாகி, பெண்கள் பலர் வளர்த்த மடலை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். அவர்கள் உடல் இரண்டு முறை வலி பொறுத்தது. இரண்டு முறையும் தீர்ப்பு ஊரார் கண்ணுடையது. இதில் எந்தப் பெண்ணையும் நான் குறை சொல்லவில்லை. குழந்தையாய் இருந்தபோது அவளை யாரும் கேட்கவில்லை. வளர்ந்தபின் வெட்கத்தோடு வாழச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் ஒரு காலத்தின் அழகு உடலைவிடக் குறைந்த ஆயுள் உடையது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியதில்லை.

புருவத்தின் கதை இன்னும் வேகமானது. 1990களில் நூலாக மெலிந்த புருவம் வேண்டும் என்று பிடுங்கியவர்களில் சிலருக்கு, பிற்பாடு அடர்ந்த புருவம் அழகென்று ஆனபோது முடி திரும்ப வளரவே இல்லை. 2020 வாக்கில் புருவத்தின் வால் நெற்றிப்பொட்டை நோக்கி ஏறியிருக்கும் நரிக்கண் தோற்றம் போன் திரைகளை நிறைத்தது. பியூட்டி பார்லரில் நூல் போட்டுத் திருத்திய புருவம் சில வாரங்களில் வளர்ந்துவிடும். போடாக்ஸ் ஊசியின் வேலை மூன்று நான்கு மாதங்களில் தீரும். புருவத்தை உயர்த்தும் அறுவை அப்படிக் கலைந்து போவதில்லை. மயிர்க்கோட்டுக்குப் பின்னால் கீறி, நெற்றித் திசுவை எலும்பிலிருந்து பிரித்து மேலே இழுத்து நிறுத்துகிறார்கள். நெற்றியில் உணர்ச்சி மரத்துப்போவது, தழும்பு உள்ள இடத்தில் முடி கொட்டுவது, இரு புருவங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவது, அரிதாகப் புருவத்தை அசைக்கும் நரம்பே காயப்படுவது ஆகியவை மருத்துவர்களே முன்கூட்டிச் சொல்லும் ஆபத்துகள். வயதானபின் புருவம் சரிந்து பார்வையை மறைக்கும்போது இவற்றைச் சுமந்துகொள்ளப் பொருள் இருக்கிறது. இருபது வயதில் புருவம் தாழ்ந்திருப்பது பெரும்பாலும் சரிவே கிடையாது. அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்து வந்த அமைப்பு. புருவம் பேசும் உறுப்பு என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டிய சாஸ்திரம் அதற்கு ஏழு அசைவுகளைத் தனியே வகுத்திருக்கிறது.

பார்ப்பதையும் பார்க்கப்படுவதையும் பற்றி இந்தப் பள்ளத்தாக்கு ஆழமாக யோசித்திருக்கிறது. சுரபி நதிக்கரையில் குச்சனூரில் சுயம்பு சனீஸ்வரர் இருக்கிறார். சனி சந்நிதியில் நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி நின்று கும்பிடுவது வழக்கம். ஒரு பார்வை மனிதனை எவ்வளவு தூரம் உருக்குலைக்கும் என்ற அறிவு அந்த விலகலில் இருக்கிறது. முல்லையாற்றங்கரையில் வீரபாண்டியின் தலபுராணம் பார்வை இழந்த பாண்டிய மன்னனைப் பற்றியது. கௌமாரியம்மன் அருளால் ஒரு கண்ணும், கண்ணீஸ்வரமுடையார் அருளால் இன்னொரு கண்ணும் அவனுக்குத் திரும்பின. சித்திரைத் திருவிழாவில் பக்தர்கள் ஆயிரங்கண் பானை எடுக்கிறார்கள். அம்மன் சந்நிதிகளில் கண்மலர் சாத்துகிறார்கள். இந்தப் பக்தியில் கண் என்பது காண்பதற்கு வரமாகக் கேட்கப்படுவது. தன் முகத்தைத் தானே பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்கும் பார்வையை யாரும் வரமாகக் கேட்பதில்லை. ஆயிரம் கண்ணுடையவள் முன்னால் நிற்கும் பெண், அடையாளம் தெரியாத ஆயிரம் பேரின் கண்ணுக்காகத் தன் நெற்றியைக் கீறக் கொடுக்கும்போது தெய்வத்தின் இடத்தில் யாரை உட்கார வைக்கிறாள் என்று கேட்பது அவளைச் சிறுமைப்படுத்துவது ஆகாது. பக்தியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டால் அந்தக் கேள்வி வந்தே தீரும்.

இதற்கு வலுவான மறுப்பு வேலூரிலிருந்து வருகிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். கை சரியானபின்னும் பலரை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. தொழுநோய் புருவ முடியை உதிர்த்துவிடும். நோய் குணமானாலும் முடி வராது. புருவமில்லாத முகமே நோயை அறிவித்துக்கொண்டிருந்தது. அதனால் தலைத் தோலில் ஒரு கீற்றை அதன் இரத்தக் குழாயோடு எடுத்து, நெற்றித் தோலுக்கு அடியில் கொண்டுவந்து புருவமாக வைத்துத் தைத்தார்கள். தலைமுடி என்பதால் அது வளர்ந்துகொண்டே போகும், அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். இந்தப் புருவத்தால் பார்வைக்குப் பெரிய ஆதாயம் ஒன்றும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பிறர் கண்ணுக்காகச் செய்தது. பிறர் கண்ணுக்காகச் செய்வது தவறென்றால் பிராண்ட் செய்ததும் தவறுதானே?

பயனுக்கு என்றால் சரி, அழகுக்கு என்றால் பிழை என்ற எளிய கோட்டை இந்த மறுப்பு அழித்துவிடுகிறது, அழிப்பதும் நல்லதே. ஆனால் வேறொரு கோடு தெளிவாகிறது. தொழுநோயாளிக்கு வேலையும் வீடும் திருமணமும் அந்தப் புருவத்தில் தடைபட்டிருந்தன. நோய் பறித்ததை அறுவை திருப்பிக் கொடுத்தது. புருவம் வந்தபின் அவர் தன் முகத்தை மறந்து வயலுக்கோ கடைக்கோ போக முடிந்தது. ஓர் அறுவை மனிதனைத் தன் முகத்தை மறக்க விடுகிறதா, அல்லது இன்னும் அடிக்கடி கண்ணாடியைத் தேட வைக்கிறதா என்பதே நான் வைக்கும் சோதனை. சமயங்கள் அகந்தை என்றும் ஆணவம் என்றும் அஞ்சுவது தன்னைவிட்டுக் கண் எடுக்க முடியாத அந்த நிலையைத்தான். மனநல மருத்துவமும் இதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. இல்லாத அல்லது மிகச் சிறிய குறையிலேயே மனம் சிக்கிக்கொள்ளும் நோய் பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குகிறது. அத்தகையவர்களுக்கு அழகு அறுவை செய்தால் பலருக்குத் துயரம் தீர்வதில்லை. கவலை வேறோர் உறுப்புக்கு நகர்ந்துவிடுகிறது. கவனமான மருத்துவர்கள் கத்தியை எடுக்கும் முன் இதை விசாரிப்பது அதனால்தான். போதாக்குறைக்குப் போன் வேறு. ஓர் அடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபி மூக்கை ஏறத்தாழ 30% அகலமாகக் காட்டுகிறது என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தன் முகத்தில் குறை தேடும் பெண் தனக்கில்லாத முகத்துக்காக வருந்துகிறாள்.

அவள் உடல், அவள் முடிவு என்று சொல்வார்கள். சட்டப்படி பதினெட்டு வயது ஆனவளுக்கு அது முழு உரிமை. அதைப் பறிக்க நான் வாதாடவில்லை. காத்திருப்பதும் அந்த உரிமையைப் பயன்படுத்துவதில் ஒரு வகைதான்: ஐந்தாறு ஆண்டுகள் கழித்தும் அதே ஆசை இருந்தால் அது அவளுடைய ஆசை என்று நம்பக் காரணம் கூடும். பெண்ணை மட்டும் அடக்கச் சொல்லும் இன்னொரு அறிவுரையா இது என்ற மறுப்பு எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு "மூஞ்சி கொஞ்சம் உம்முனு இருக்கே" என்று சொல்வதைக் கேட்டும் சும்மா இருக்கும் அப்பாவும் சித்தப்பாவும், பிறகு அவளிடம் உடலின் புனிதம் பேசுவது அநியாயம். பொறுத்திருக்கச் சொல்ல உரிமை வேண்டுமானால், அந்தப் பேச்சு வீட்டுக்குள் வந்த இடத்திலேயே அவர்கள் அதை மறுத்திருக்க வேண்டும்.

நான் வைத்த சோதனை எதிர்ப் பக்கமும் வெட்டும். பைக் விபத்தில் நெற்றி கிழிந்து புருவம் இறங்கியவன், முகவாதத்தில் ஒரு பக்கப் புருவம் சரிந்து கண்ணை மூட முடியாமல் தவிப்பவள், தொழுநோய் குணமாகியும் புருவமில்லாமல் இருப்பவர் ஆகியோரிடம் விதி என்றும் சாமி கொடுத்தது என்றும் சொல்லி வீட்டிலேயே உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் இருபது வயதினராக இருந்தால் ஐந்தாறு ஆண்டு பொறு என்று சொல்வது கொடுமை. கண் மூடாமல் கருவிழி காய்ந்தால் பார்வையே போகும். தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். தேனியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை 1980களிலிருந்து இருக்கிறது.