பை இரவல், பொறுப்பு சொந்தம்

சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் 1992இல் நடைமுறைக்கு வந்தபோது வெளிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு கதவு திறந்தது. 2024 செப்டம்பரில், நெருங்கிய இரத்த உறவினரும் மாற்றுப் பெற்றோரும் தவிர வேறு வெளிநாட்டவருக்கு இனிக் குழந்தைகளை அனுப்புவதில்லை என்று அந்நாடு அறிவித்ததும் அது மூடிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் சீனாவிலிருந்து வெளிநாடுகளுக்குத் தத்துப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அமெரிக்காவுக்குப் போனவர்கள். இந்தப் பெரும் இடப்பெயர்வின் ஓரத்தில் அமெரிக்கக் குடும்பங்களிடையே ஒரு சிறு வழக்கம் வளர்ந்தது. குழந்தையோடு ஊர் திரும்பியவர்கள், தாங்கள் கொண்டுபோன பயணப் பைகள், மடக்குத் தள்ளுவண்டி, குழந்தையை மார்பில் கட்டிச் சுமக்கும் பை, மின்மாற்றி, இடுப்பில் கட்டும் பணப்பை ஆகியவற்றை அடுத்துப் புறப்படுபவர்களுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். பார்த்த மாத்திரத்தில் இதில் தவறு ஒன்றும் தெரியாது. ஆனாலும் கொடுப்பவரும் வாங்குபவரும் பெரியவர்கள். பொருளைப் பயன்படுத்தப்போவது வாய் திறந்து எதுவும் கேட்க முடியாத ஒரு குழந்தை. அப்படிப்பட்ட இரவலுக்கு எது நெறி என்பதே இங்கு எழும் கேள்வி.

அந்தப் பயணத்தின் தன்மை தெரிந்தால்தான் இரவலின் நியாயமும் விளங்கும். சீனாவுக்குப் போகும் குடும்பம் ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே தங்க வேண்டியிருந்தது. முதலில் குழந்தை இருக்கும் மாகாணத்தின் தலைநகரான சாங்ஷா, நான்சாங், நான்னிங் போன்ற ஓர் ஊர். அங்கே குழந்தையைப் பெற்றுக்கொண்டு, தத்தெடுப்பைப் பதிவு செய்து, குழந்தையின் சீனக் கடவுச்சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு உள்நாட்டு விமானத்தில் குவாங்சோ. அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் குடியேற்ற விசா வேலைகள் அங்கேதான் நடந்தன. குழந்தையின் மருத்துவப் பரிசோதனை முடிந்து, விசா கைக்கு வந்த பிறகே ஊர் திரும்பலாம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணிக்கு 20 கிலோதான் சுமை வரம்பு. குழந்தை வளர்ந்த இல்லத்துக்குக் கொடுக்க வேண்டிய நன்கொடை முதலில் 3,000 டாலராகவும் பின்னர் 35,000 யுவானாகவும் இருந்தது. அதைக் கசங்காத நோட்டுகளாக உடம்போடு கட்டி எடுத்துப்போனவர்கள் ஏராளம். அமெரிக்காவில் 120 வோல்ட், சீனாவில் 220. இத்தனைக்கும் சேர்த்து வாங்கும் சாமான்களில் பாதி அந்த இரண்டு வாரத்துக்கு அப்பால் பரணுக்குத்தான் போகும்.

முன்கூட்டி வாங்கி வைப்பதிலும் அர்த்தமில்லாமல் போனது. 2005 வாக்கில் ஆவணங்கள் சீனா போய்ச் சேர்ந்தபின் ஓராண்டுக்குள் குழந்தை கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் காத்திருப்பு ஐந்து, ஆறு ஆண்டுகளாக நீண்டது. கைக்குழந்தையை எண்ணி வாங்கிய உடையும் சுமக்கும் பையும், கடைசியில் வந்து சேர்ந்த மூன்று வயதுப் பிள்ளைக்குப் பயன்படவில்லை. குழந்தையைப் பற்றி அனுப்பப்படும் அறிக்கையில் எடையும் உயரமும் இருந்தாலும், அது பல மாதங்களுக்கு முன் எடுத்த கணக்கு. புறப்படும் தறுவாயில், சமீபத்தில் போய்வந்தவரிடமிருந்து இரண்டு மூன்று அளவுகளில் உடைகளை வாங்கிக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். பையோடு சேர்ந்து அனுபவ அறிவும் கைமாறும். எந்த மருந்தை எடுத்துப்போக வேண்டும், எந்தச் சாமான் வெறும் சுமை, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த எது உதவியது என்பதெல்லாம் கடைக்காரர் சொல்லித்தரும் செய்திகளல்ல.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு இருபதாயிரம் டாலருக்கு மேல் செலவழிக்கும் குடும்பம், முப்பது டாலர் பைக்காக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது எதற்கு? இரவல் என்பது இல்லாதவருக்கு உரியது. இருப்பவர் கேட்பது கஞ்சத்தனம் என்று சிலர் நினைக்கலாம். ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததால் வரும் ஆட்சேபம் இது. திருக்குறள் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்துப் பேசுகிறது. ஈகை வறியவரை நோக்கிப் போவது. ஒப்புரவு ஒரே சமூகத்தில் வாழ்பவர்கள் ஒருவருக்கொருவர் பயன்படுவது. அதற்கு வறுமைச் சான்றிதழ் தேவையில்லை. இன்று வாங்குபவர் நாளை இன்னொருவருக்குக் கொடுப்பார் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்த இரவல் நிற்கிறது. தவிர, இருபதாயிரம் டாலர் செலவழித்தவர்கள் எல்லாரும் வசதியானவர்கள் என்பதும் பிழையான கணக்கு. அமெரிக்க அரசு தத்தெடுப்புக்குத் தரும் வரிச்சலுகை செலவு செய்த பிறகு வருவது. அதுவரை கடன் வாங்கியும் வீட்டை அடமானம் வைத்தும் சமாளித்த குடும்பங்கள் இருந்தன. ஆனால் அவர்களைக் காட்டித்தான் இந்த வழக்கத்தை நியாயப்படுத்த வேண்டும் என்பதில்லை. ஒரு பொருளை இரண்டு வாரத்துக்கென்று பத்துக் குடும்பங்கள் பத்துத் தடவை வாங்குவதைவிட, ஒரு பொருள் பத்துக் கைகள் மாறுவது எல்லா வகையிலும் மேல்.

ஆக, பெரியவர்களின் பக்கம் நின்று பார்த்தால் வழக்கு முடிந்துவிடுகிறது. குழந்தையின் பக்கம் போனால்தான் சிக்கல் தெரியும். பையின் இழுவை அறுந்தால் துணி சிதறும். மின்மாற்றி பழுதானால் கைபேசி அணைந்துபோகும். பணப்பை கிழிந்தால் நட்டம் வாங்கியவருக்கு. இவை அனைத்திலும் விலை கொடுப்பவர் பெரியவர், தெரிந்தே ஒப்புக்கொண்டவர். இரவலாகக் கைமாறும் குழந்தைக்கான கார் இருக்கை அப்படியன்று. விபத்தில் அதிர்ந்த இருக்கையின் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், பழைய இருக்கையை ஏற்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: மிதமான அல்லது கடுமையான விபத்தில் சிக்காதது, உற்பத்தித் தேதியும் மாதிரி எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு கிழியாதது, நிறுவனத்தால் திரும்பப் பெறப்படாதது, பாகங்கள் எதுவும் குறையாதது, பயன்பாட்டுக் கையேடு உள்ளது. உற்பத்தியாளர்களும் பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டுக்குள் இருக்கைக்குக் காலாவதித் தேதி குறிக்கிறார்கள். துணித்தொட்டில் போன்ற சுமக்கும் பைகளும் இந்த வகைதான். நான்கு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களுக்கு அவற்றில் மூச்சுத் திணறும் ஆபத்து இருப்பதாக 2010 மார்ச்சில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. அதே மாதம் ஒரு வகைப் பை லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டது. கடையில் விற்பனைக்கு இருந்ததை நிறுத்திவிடலாம். இரவல் சங்கிலியில் சுற்றிக்கொண்டிருப்பதை யார் நிறுத்துவது?

இதிலிருந்து ஓர் அளவுகோலை வகுக்கலாம். பழுதானால் பெரியவர் விலை கொடுக்கும் பொருளைத் தாராளமாக இரவல் கொடுக்கலாம். பழுதானால் குழந்தை விலை கொடுக்கும் பொருளை அதன் முழு வரலாற்றோடுதான் கொடுக்க வேண்டும். வரலாறு தெரியாவிட்டால் கொடுக்கவே கூடாது. பெரியவர் தமக்காக ஏற்கும் ஆபத்துக்கு அவருடைய சம்மதமே போதும். குழந்தைக்காக ஏற்கும் ஆபத்துக்கு அப்படிச் சம்மதம் தரும் அதிகாரம் கொடுப்பவருக்கும் இல்லை, வாங்குபவருக்கும் இல்லை. இன்னும் பெற்றோர் ஆகாத, சட்டப்படி குழந்தையோடு எந்த உறவும் ஏற்படாத நிலையில் வாங்குபவர் இருக்கிறார் என்பது இந்தப் பொறுப்பை இன்னும் கூட்டுகிறது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது மரியாதையா என்று இதற்கு எதிராகக் கேட்கலாம். அன்போடு ஒருவர் இருக்கையை எடுத்துவந்து கொடுக்கும்போது, விபத்தில் சிக்கியதா, எந்த வருடத்தது என்று குறுக்கு விசாரணை செய்தால் நட்பு முறியும். எச்சரிக்கை என்ற பெயரில் இப்படிக் கெடுபிடி செய்தால் உதவும் மனமே வற்றிவிடும் என்பது அந்த வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கேட்பவருக்குக் கூச்சம் இருக்கத்தான் செய்யும். அதனாலேயே கேட்கும் கடமையைக் கொடுப்பவர் சொல்லும் கடமையாக மாற்றிவிட வேண்டும். வாங்கிய ஆண்டு, கைமாறிய வரிசை, நேர்ந்த பழுது ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பொருளோடு கட்டிவிட்டால் யாரும் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. சீன ஊர்களில் வாடகை வண்டியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே போனார்கள், அதற்குப் பழைய இருக்கையாவது மேல் அல்லவா என்று இன்னொரு வாதம் வரலாம். நல்ல இருக்கை என்று நம்பி, உடைந்த இருக்கையில் உட்கார வைப்பவர் கையின் கவனத்தையும் தளர்த்திவிடுகிறார். பொய்யான பாதுகாப்பு, பாதுகாப்பு இல்லாததைவிடச் சில வேளைகளில் கெட்டது.

குவாங்சோவின் ஷாமியன் தீவில் தத்துக் குடும்பங்கள் வெள்ளை அன்னம் என்ற பொருள்படும் பெயர்கொண்ட ஹோட்டலிலும் அதைச் சுற்றியும் தங்கின. அங்கிருந்த கடைக்காரர்கள் பலர் தள்ளுவண்டிகளை இலவசமாக இரவல் கொடுத்தார்கள். வண்டியைத் திருப்பித்தர வரும்போது எதையாவது வாங்கமாட்டார்களா என்ற வியாபாரக் கணக்கு அதில் இருந்தது. அதனால் அந்த இரவல் தரம் தாழ்ந்துவிடுமா? குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் தாழாது. சக்கரம் ஒழுங்காக ஓடுகிறதா, வார் இறுகிப் பிடிக்கிறதா என்பதுதான் குழந்தைக்கு முக்கியம். கொடுத்தவர் புண்ணியத்துக்குக் கொடுத்தாரா, வியாபாரத்துக்குக் கொடுத்தாரா என்பது முக்கியமில்லை. நல்ல நோக்கத்தோடு கொடுத்த பழுதான பொருளைவிட, இலாப நோக்கத்தோடு கொடுத்த உறுதியான பொருள் குழந்தைக்கு நல்லது. கொடுப்பவரின் மனத்தை அளந்து அறத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் இந்த இடத்தில் நம்மை வழிதவறச் செய்யும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இனித்தான். பயணப் பை கொடுப்பது, அந்தப் பயணத்துக்கே துணைபோவதாகாதா? ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் தரகர்கள் வழியாகக் குழந்தைகள் இல்லங்களுக்கு விற்கப்பட்டது 2005இல் வெளிவந்தது. மறு ஆண்டு நீதிமன்றம் தண்டனை வழங்கியது. இலங்கை உள்ளிட்ட நாடுகளிலிருந்து நடந்த தத்தெடுப்புகளில் முறைகேடுகள் இருந்தன என்று விசாரணைக் குழு கண்டறிந்ததும், 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், குழந்தைகளின் பிறப்புப் பதிவுகள் திரிக்கப்பட்டதற்கு அரசும் பொறுப்பு என்று 2025 மார்ச்சில் சொன்னது. தத்தெடுப்பினால் எவரும் முறையற்ற ஆதாயம் அடையக்கூடாது என்று 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்தது அதற்கு முன் நேர்ந்த இத்தகைய அனுபவங்களால்தான். மடக்குத் தள்ளுவண்டி இரவல் கொடுத்த ஒருவரைக் குழந்தைக் கடத்தலுக்கு உடந்தை என்று சொல்வது நீதியாகாது. அவருக்கு அது தெரியாது. அவர் கொடுத்த வண்டி இல்லாவிட்டாலும் பயணம் நின்றிருக்காது. ஆனால் அன்பும் உதவியும் நிறைந்த வட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. அங்கே ஐயம் எழுப்புபவர் நன்றி கெட்டவராகத் தெரிவார். குழந்தை எங்கே கிடைத்தது, பதிவேட்டில் உள்ள தேதி சரிதானா, அந்த நன்கொடைக்குக் கணக்கு உண்டா என்ற கேள்விகள் வாழ்த்துகளின் இரைச்சலில் அமுங்கிப்போகும். ஒப்புரவு வாயடைக்கும் கருவியாக மாறும் அந்தப் புள்ளியில்தான் குற்றம் தொடங்குகிறது. பையைக் கொடுப்பவர் பயண அறிவைக் கொடுப்பது போலவே, தாம் கண்ட குறைகளையும் மறைக்காமல் சொல்வதே அதற்கு மாற்று.

அதே அளவுகோல் திரும்பி வரும் பையையும் அளக்கும். குழந்தையைக் கையில் கொடுத்த அன்று அது அணிந்திருந்த உடை, இல்லத்தார் தந்த படங்கள், கண்டெடுத்தபோது உடனிருந்த தாள் ஆகியவை பல வேளைகளில் பார்வைக்கு அழுக்கானவை, நைந்தவை. சுமை வரம்பை நினைத்துப் பெற்றோர் அவற்றை விட்டுவரவோ, உடைகளை இரவல் குவியலில் போட்டுவிடவோ வாய்ப்பு உண்டு. ஆனால் பெற்றவரைப் பற்றி ஏதும் அறியாத குழந்தைக்குத் தன் தொடக்கத்தின் சாட்சியாக மிஞ்சுபவை அவைதான். அவற்றின் உரிமையாளர் குழந்தை. பெற்றோர் வெறும் காவலர். இரவல் பொருளைத் தவறாமல் திருப்பித்தர வேண்டும் என்பது எவ்வளவு உறுதியான கடமையோ, குழந்தையின் பொருளை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்பதும் அதே அளவு உறுதியான கடமை. வாங்கிவந்த இருபது கிலோவைத் துறக்க நேர்ந்தாலும் அந்த அரைக் கிலோவைத் துறக்கக் கூடாது.

அமெரிக்காவுக்கு வெளிநாட்டிலிருந்து தத்து வந்த குழந்தைகள் 2004இல் ஏறக்குறைய 23,000 பேர். 2023 நிதியாண்டில் 1,275 பேர்தான். சீனக் கதவு மூடியபின் பல வீடுகளில் அந்தப் பைகள் வேலையற்றுக் கிடக்கின்றன. இன்றும் இந்தியாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் குழந்தைகள் தத்துப் போகிறார்கள். கொலம்பியாவில் பெற்றோர் பல வாரம் தங்க வேண்டியிருக்கிறது. இரவலின் தேவை குறைந்திருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. கொடுங்கள், கூச்சமின்றிக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் உயிர் தொங்கும் பொருளாக இருந்தால் அதன் வரலாற்றையும் சேர்த்துக் கொடுங்கள், தெரியாவிட்டால் குப்பையில் போடுங்கள். பையை வாங்கும் கை, அந்தக் குழந்தை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைக் கேட்கவும் தயங்கக் கூடாது.